கைவேலைத் துப்பறியும் நாவல்

கொலையின் கோரம் கண்ணுக்கு மறைவாக நடந்து முடிந்திருக்க, எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சிற்றூரில், போலீஸ் உத்தியோகமில்லாத ஒருவர், பெரும்பாலும் ஒரு ஸ்திரீ, தம் யுக்தியாலும் ஊர்ப்பேச்சில் வைத்த காதாலும் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதாக அமையும் சாந்தமான துப்பறியும் கதைகளை ஆங்கில வாசகர் ‘கோஸி’ என்று வழங்குவர். அவற்றுள் பின்னல், தையல், பூவேலை முதலிய கைவேலைகளைக் களமாகக் கொண்ட நாவல்கள், 1990களில் அமெரிக்காவில் தனிக் கிளையாகத் தழைத்தன.

கிளை புதிதாயினும் வித்து பழையது. 1859இல் வெளிவந்த ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ நாவலில், பிரெஞ்சுப் புரட்சியின் பலிகளைத் தன் பின்னலில் குறித்துவரும் மதாம் டெஃபார்ஜைப் படைத்துப் பின்னல் ஊசியைப் பழிவாங்கும் கருவியாக்கினார் டிக்கன்ஸ். அதைத் துப்பறியும் மூதாட்டியின் கையில் கொடுத்தவர்கள் அடுத்த நூற்றாண்டின் ஆங்கில எழுத்தாளர்களே. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1927இல் ஒரு சிறுகதையிலும் 1930இல் ‘தி மர்டர் அட் தி விகரேஜ்’ நாவலிலும் பிரவேசித்தார். பாட்ரீஷியா வென்ட்வொர்த்தின் மிஸ் சில்வர் 1928இல் ‘கிரே மாஸ்க்’ நாவலில் தோன்றி, மொத்தம் 32 நாவல்களில் குழந்தைகளின் கம்பளிச் சட்டைகளைப் பின்னிக்கொண்டே கொலைகளைத் துலக்கினார். மூலையில் உட்கார்ந்து பின்னுகிற கிழவியை யாரும் பொருட்படுத்தாமல் மனம்விட்டுப் பேசுவர் என்பதே இவ்விருவரின் பலம். ஆனால் அங்கே பின்னல் ஒரு வேஷமாக நின்றதேயன்றி, நூலும் தையலும் தாமே சாட்சி சொல்லவில்லை.

அந்தச் சாட்சியத்தை இலக்கியமாக்கியவர் அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல். 1900ஆம் ஆண்டு டிசம்பரில் அயோவா மாகாணத்தில் ஒரு குடியானவன் படுக்கையில் கோடரியால் வெட்டப்பட்டு மாண்டபோது, மனைவிமீது சாட்டப்பட்ட அந்த வழக்கை டெ மாய்ன் நகரப் பத்திரிகையொன்றின் நிருபராக எழுதிய அவர், அவ்வனுபவத்தை மாற்றிப் புனைந்து 1916இல் ‘டிரைஃபிள்ஸ்’ என்னும் ஓரங்க நாடகமாகவும், மறு ஆண்டு ‘எ ஜூரி ஆஃப் ஹர் பியர்ஸ்’ என்னும் சிறுகதையாகவும் ஆக்கினார். நாடகத்தில் கணவன் கயிற்றால் கழுத்து நெரிபட்டு இறந்துகிடக்கிறான். அதிகாரிகள் மாடியிலும் களஞ்சியத்திலும் தடயம் தேடுகையில், அடுக்களையில் விடப்பட்ட இரு ஸ்திரீகள், கைதான மனைவி பாதியில் விட்டுப்போன ஒட்டுத்துணிப் போர்வையின் சதுரங்களைப் புரட்டிப் பார்க்கின்றனர். எல்லாச் சதுரங்களிலும் தையல் சீராக ஓடியிருக்க, கடைசியாகத் தைத்த ஒன்றில் மட்டும் அது தாறுமாறாகக் கோணியிருப்பதைக் கண்டு, ஒருத்தி பேச்சோடு பேச்சாக அந்த இழைகளைப் பிரித்து மீண்டும் செம்மையாகத் தைக்கத் தொடங்குகிறாள். அவள் கலைப்பது ஒரு சாட்சியம். அதைச் சாட்சியம் என்று வாசிக்க அங்கிருந்த ஆடவர் ஒருவருக்கும் தெரியாது. பிறகு தையல் பெட்டியில், பட்டுத்துணியில் சுற்றி வைத்த, கழுத்து திருகப்பட்ட பாட்டுக்குருவி அகப்படுகிறது. அதையும் அவர்கள் மறைத்துவிடுகின்றனர்.

இவ்வழியில் பின்சென்றவர் நெடுங்காலம் அரியர். 1989 முதல் வாஷிங்டன் நகரை அடுத்துக் கூடிவரும் ‘மாலிஸ் டொமெஸ்டிக்’ மாநாடு, இவ்வகைச் சாந்த நாவல்களுக்கு ‘அகதா’ பரிசு என ஒரு தேநீர்க் கெண்டியை வழங்கி மதிப்புத் தேடித்தந்தது. 1990இல் டயான் மாட் டேவிட்சன் சமையற்காரியைத் துப்பறிய வைத்துச் சமையல் குறிப்புகளையும் கதையில் சேர்த்தார். நாவலை மூடிய பின் வாசகியின் கைக்கு ஒரு வேலை கொடுக்கும் இந்த வழக்கத்தைப் பின்னாளில் கைவேலை நாவலாசிரியர்கள், பின்னல் மாதிரிகளை இறுதியில் அச்சிட்டுத் தமதாக்கிக்கொண்டனர். ஏர்லீன் ஃபௌலரின் ‘ஃபூல்ஸ் பஸில்’ (1994) தொடங்கிய வரிசையில் ஒவ்வொரு நாவலும் ஒரு போர்வை மாதிரியின் பெயரைத் தாங்கிற்று. மோனிகா ஃபெரிஸின் ‘குரூவல் வேர்ல்ட்’ (1999) மினசோட்டா மாகாணத்து எக்ஸெல்ஸியர் ஊரில், கொலையுண்ட சகோதரியின் பூவேலைக் கடையை ஏற்று நடத்தும் பெட்ஸி டெவன்ஷைரை அறிமுகப்படுத்தியது.

கடை என்னும் களம் இங்கே ஓர் அருமையான யுக்தி. கைகள் வேலையில் இருக்கையில் நாக்கு தடையின்றிப் பேசும். ஊரில் யாரும் காரணம் சொல்லாமல் உள்ளே வரலாம், நெடுநேரம் உட்காரலாம். இதன் பயனை உணர்ந்த பதிப்பாளர்கள், மலிவு விலைப் பிரதிகளாக எல்லாக் கைவேலைக்கும் ஒரு தொடர் கண்டனர். 2003இல் லாரா சைல்ட்ஸ் புகைப்பட ஆல்பம் அலங்கரிக்கும் கலையையும், டிம் மையர்ஸ் மெழுகுவர்த்தித் தொழிலையும், 2005இல் மேகி செஃப்டன் பின்னலையும், 2008இல் பெட்டி ஹெக்ட்மன் குரோஷாவையும் கதைக்களமாக்கினர். ஒரு சிற்றூரில் ஆண்டுதோறும் இத்தனை கொலைகள் விழுந்தும் ஜனங்கள் வீட்டை விற்றுக்கொண்டு ஓடாதிருப்பது, வாசகர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்ளும் அதிசயம்.

இத்தொடர்களுள் பலவற்றில் கைவேலை வெறும் மேற்பூச்சே. பின்னலை எடுத்துவிட்டுப் பேக்கரியை வைத்தாலும் கதை அப்படியே நடக்கும். ஃபெரிஸ் ஓரளவு விலக்கு. ஏரியடியிலிருந்து மீட்ட பழம்படகோடு ஓர் எலும்புக்கூடும் வெளிப்பட, அதனுடன் அகப்பட்ட லேஸ் துண்டைத் துப்பாகக் கொள்ளும் ‘ஃப்ரேம்ட் இன் லேஸ்’ போன்றவற்றில், வேலை தெரிந்த கண்ணே துப்பறிகிறது. இவ்வகையை அறிய விரும்புவோர் கிளாஸ்பெல்லின் சிறுகதையை முதலில் படித்துவிட்டுப் பிறகு ஃபெரிஸிடம் வருவதே முறை.