மூன்று மகள்களின் தந்தை: அருளாளர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர்

ஆஸ்திரியாவின் சங்க்ட் ராடேகுண்ட் சிற்றூரில் 1907ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தவர் அருளாளர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். எளிய விவசாயி. பங்கு ஆலயத்திலும் பணி செய்தார். நம் ஊர் வழக்கில் சொன்னால் கோயில்பிள்ளை. இளமையில் அப்படியொன்றும் புனிதர் அல்ல. மணமாகாமலேயே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையானவர். 1936ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று பிரான்சிஸ்காவைக் கரம்பிடித்தார். புதுமணத் தம்பதியர் உரோமைக்குத் திருப்பயணம் சென்றனர். அடுத்தடுத்து மூன்று மகள்கள் பிறந்தனர்.

இட்லரின் படையில் போரிட அவர் மனச்சான்று இடம் தரவில்லை. மனைவி, பிள்ளைகளின் கதி என்ன என்று பலரும் கேட்டனர். ஆயரும் குடும்பப் பொறுப்பையே நினைவூட்டினார். என்னிடம் வந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பிரான்சிஸ்காவும் முதலில் தடுத்துப் பார்த்தார். ஆனால் கணவர் தனித்து நிற்பதைக் கண்டதும் அவர் பக்கம் நின்றார்.

1943 மார்ச்சில் பிரான்ஸ் கைதானார். அப்பா சீக்கிரம் வர வேண்டும் என்று எழுதிய அட்டையோடு மகள்கள் நிற்கும் புகைப்படம் ஒன்று சிறைக்கு வந்தது. குடும்பத்தை நேசிக்காதவருக்கு அந்தப் படம் வெறும் காகிதம். அவருக்கோ அதுவே பெரும் சோதனை. ஆகஸ்ட் 9ஆம் நாள் பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டு இறந்தார். வயது 36.

ஊரார் பழி பிரான்சிஸ்காவின்மேல் விழுந்தது. கைம்பெண் உதவித்தொகையும் 1950 வரை மறுக்கப்பட்டது. நிலத்தை உழுது மகள்களை வளர்த்தார். 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் கணவர் அருளாளராக உயர்த்தப்பட்டபோது, 94 வயதில் அவரும் அங்கே இருந்தார்.