வணிக ஊர்திகளின் வெளிநாட்டுப் பதிவு

வணிக ஊர்திகளின் வெளிநாட்டுப் பதிவு என்பது, சரக்குந்து போன்ற ஊர்திகளை அவை உண்மையில் இயங்கும் நாட்டில் பதியாமல், வரியும் செலவும் குறைந்த வேறொரு நாட்டில் பதியும் நடைமுறை ஆகும். கப்பல்களைப் பனாமா, லைபீரியா ஆகியவற்றின் கொடியின் கீழ்ப் பதிவதை இது ஒத்தது. ஐரோப்பாவில் இது நெடுங்காலச் சர்ச்சைக்குரிய பொருளாகும்.

காரணங்கள்

ஆண்டு ஊர்தி வரி பதிவு செய்த நாட்டுக்கே செலுத்தப்படுகிறது. எனவே பதிவை மாற்றினால் வரியும் மாறும். எரிபொருள் வரியோ நிரப்பும் இடத்தைப் பொறுத்தது. பதிவை மாற்றுவதால் மட்டும் அது குறையாது. ஓட்டுநர்களின் ஊதியம், சமூகக் காப்புறுதிக் கட்டணம் ஆகியவற்றைக் குறைப்பதும் நோக்கமாக இருப்பதுண்டு.

பின்னணி

1998 சூலை 1 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு நாட்டுச் சரக்குந்து மற்றொரு உறுப்பு நாட்டின் உள்நாட்டுச் சரக்கையும் தற்காலிகமாக ஏற்றலாம் என்றானது. இதனால் வரி வேறுபாடுகள் போட்டியை நேரடியாகப் பாதித்தன. ஐக்கிய இராச்சியத்தில் 1993 முதல் எரிபொருள் வரி ஆண்டுதோறும் பணவீக்கத்தை விஞ்சி உயர்த்தப்பட்டது. 1999இல் இம்முறை கைவிடப்பட்டது. அக்காலத்தில் பதிவை வெளிநாட்டுக்கு மாற்றுவது அந்நாட்டுத் தொழிலில் பரவலாகப் பேசப்பட்டது.

ஓட்டுநர் உரிமைகள்

செருமனியில் வசித்த ஓட்டுநர் ஒருவரை லக்சம்பர்க் நிறுவனம் பணியமர்த்தியது. சரக்குந்துகள் செருமனியில் நிறுத்தப்பட்டிருந்தும் லக்சம்பர்க்கில் பதியப்பட்டிருந்தன. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டபோது, எந்நாட்டுச் சட்டம் அவரைக் காக்கும் என்ற வினா எழுந்தது. ஊர்தியின் பதிவு மட்டும் இதைத் தீர்மானிக்காது. ஓட்டுநர் தம் பணியின் பெரும்பகுதியை எந்நாட்டில், அல்லது எந்நாட்டிலிருந்து செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும் என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது.

சட்டக் கட்டுப்பாடுகள்

* 1999ஆம் ஆண்டு நெறியுரை, 12 தொன்னும் அதற்கு மேலும் எடையுள்ள சரக்குந்துகளுக்குக் குறைந்தபட்ச ஊர்தி வரியை வகுத்தது.
* 2009ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, நிறுவனத்துக்குப் பதிவு நாட்டில் உண்மையான, நிலையான அலுவலகம் வேண்டும் என்றது. முகவரி மட்டுமே கொண்ட "அஞ்சற்பெட்டி நிறுவனங்களை" ஒழிப்பது இதன் நோக்கம்.
* வெளிநாட்டுச் சரக்குந்து, பன்னாட்டுச் சரக்கை இறக்கிய பின் 7 நாட்களுக்குள் 3 உள்நாட்டுப் பயணங்களையே மேற்கொள்ளலாம். 2022 பெப்ரவரி முதல், அதன்பின் 4 நாட்கள் அதே ஊர்தி அந்நாட்டில் உள்நாட்டுச் சரக்கு ஏற்றக் கூடாது.
* ஊர்தி 8 வாரங்களுக்கு ஒருமுறை நிறுவனத்தின் நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற விதியும் 2022இல் நடைமுறைக்கு வந்தது. இதன் விளைவுகளை மதிப்பிடப் போதிய தகவல் இருந்ததாகக் காட்டப்படவில்லை எனக் கூறி, 2024 அக்டோபர் 4 அன்று நீதிமன்றம் இதை நீக்கியது. ஓட்டுநர்கள் வீடு திரும்ப வாய்ப்பளிக்கும் விதியை அது நிலைநிறுத்தியது.

இவற்றையும் பார்க்க

* வசதிக் கொடி
* வரி தவிர்ப்பு