ஃபால்கொனேயும் வெண்கலக் குதிரையும்

எத்தியேன் மொரீஸ் ஃபால்கொனே 1716இல் பாரிசில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். ஓய்வு நேரத்தில் அவர் களிமண்ணிலும் மரத்திலும் செய்த உருவங்களைப் பார்த்து, சிற்பி லெமுவான் அவரைச் சீடனாகச் சேர்த்துக்கொண்டார். சிங்கத்திடம் சிக்கிய மல்லன் மிலோவின் பளிங்குச் சிலை, 1754இல் அரச கலைக்கழகத்தில் அவருக்கு இடம் வாங்கித் தந்தது. 1757இல் செவ்ர் பீங்கான் தொழிற்சாலையின் சிற்பப் பிரிவு அவர் பொறுப்புக்கு வந்தது. அழகிய சிற்றுருவங்களுக்குப் பேர்போன அவரைத்தான், மகா பீட்டருக்குச் சிலை வடிக்க ரஷ்யப் பேரரசி கேத்தரீனிடம் பிரெஞ்சுத் தத்துவவாதி திதரோ பரிந்துரைத்தார். 1766இல் இளம் மாணவி மரி-ஆன் கொலோவுடன் அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார்.

ரோமிலுள்ள மார்க்கஸ் அவுரேலியஸ் சிலையைப் பின்பற்றச் சொன்னார் மேற்பார்வையாளர் பெத்ஸ்கோய். ஃபால்கொனே மறுத்ததோடு, அந்தச் சிலையைக் குறைகூறி ஒரு நூலே எழுதிவிட்டார்; இத்தாலியை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை! அவர் நினைத்தது பாறையுச்சியில் முன்கால் தூக்கி நிற்கும் குதிரை. அதே சரிவில் மேடை கட்டி, குதிரையைப் பாய்ந்தேற விட்டு, உச்சியில் கடிவாளத்தை இழுக்கும் கணத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார். இரு பின்னங்கால்கள் மட்டும் அவ்வளவு எடையைத் தாங்காது என்பதால், குதிரை மிதிக்கும் பாம்பை வாலோடு இணைத்து மூன்றாவது ஊன்றுகால் ஆக்கினார்.

பீடத்துக்கான 'இடிக்கல்' என்ற பெரும்பாறை லக்தா சதுப்பில் கிடைத்தது. எடை 1,000 டன்னுக்கு மேல். தரை உறைந்த குளிர்காலத்தில், பள்ளம் வெட்டிய தண்டவாளங்களில் வெண்கலக் குண்டுகளை உருளவிட்டு, நூற்றுக்கணக்கானோர் அதைக் கடற்கரைக்கு நகர்த்தினர். நகரும்போதே கல்தச்சர்கள் மேலேறிச் செதுக்கினார்கள். பிறகு மிதவையில் ஏறி, 1770இல் அது நகரை அடைந்தது.

பீட்டரின் முகத்தை ஃபால்கொனே பலமுறை செய்தும் அரசிக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் தலையை வடித்தவர் கொலோ. 1775இல் வார்ப்பின்போது அச்சு பிளந்து, உருகிய வெண்கலம் வழிந்து தீப்பிடித்தது. மற்றவர்கள் ஓட, கைலோவ் என்ற வார்ப்பாளர் நின்று பெரும்பகுதியைக் காப்பாற்றினார். சிதைந்த மேற்பகுதியை 1777இல் மறுபடி வார்த்தார்கள்.

அரசியின் ஆதரவு குறைந்துபோக, 1778இல் ஃபால்கொனே ரஷ்யாவை விட்டுக் கிளம்பினார். 1782இல் சிலை திறக்கப்பட்டபோது அவர் அங்கில்லை. மறு ஆண்டு இத்தாலிக்குப் புறப்பட இருந்த நேரத்தில் பக்கவாதம் தாக்கியது. அதற்குள் மருமகளாகியிருந்த கொலோதான் அவரைப் பராமரித்தார். 1791 ஜனவரியில் அவர் பாரிசில் இறந்தார். 'வெண்கலக் குதிரைவீரன்' என்ற பெயர், 1833இல் புஷ்கின் எழுதிய கவிதையிலிருந்து அந்தச் சிலைக்கு வந்தது.