கோலி சோடாவின் பூர்வீகம்

"வவுறு திம்முனு கீதுண்ணா, ஒரு லெமன் சோடா போடு."

வடசென்னைக் காசிமேட்டுப் பெட்டிக்கடையில் இப்படிக் கேட்பவருக்குச் சோடா என்பது பாதி மருந்து. அது பிறந்ததே மருந்தாகத்தான்.

ஜெர்மனியில் பிர்மான்ட், செல்ட்டர்ஸ் என்ற ஊர்களில் ஊற்றுத் தண்ணீர் தானாகவே நுரைக்கும். வசதியுள்ளவர்கள் அதை மருந்தென்று தேடிப்போய்க் குளித்தார்கள், குடித்தார்கள். மற்றவர்களுக்கு ஜாடியில் அடைத்துப் போனது. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பக்கத்து பீர் ஆலைத் தொட்டியின் மேல் தேங்கி நின்ற வாயுவைத் தண்ணீரில் கலந்து பார்த்தார் ஜோசப் பிரீஸ்ட்லி. பிர்மான்ட் தண்ணீர் வீட்டிலேயே தயார்! 1772இல் செய்முறையை அச்சிட்டார். மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோயை இது தடுக்கும் என்றும் நம்பினார். 1783இல் ஜெனிவாவில் ஷ்வெப் என்பவர் அதை வியாபாரமாக்கினார்.

வாயுவை அடைத்து வைப்பதுதான் பெரும்பாடு. கார்க் காய்ந்தால் கசியும். அதனால் நிற்கவே முடியாத முட்டை வடிவப் பாட்டில் செய்து, படுக்கப் போட்டார்கள். 1872இல் ஹைரம் காட் என்ற லண்டன்காரர் மூடியையே ஒரு கோலியாக்கிப் பாட்டிலுக்குள் போட்டுவிட்டார். தலைகீழாக வைத்து வாயு ஏற்றும்போது கோலி கழுத்துக்கு உருண்டு வரும்; உள்ளே இருக்கும் அழுத்தமே அதை ரப்பர் வளையத்தோடு இறுக்கிப் பிடிக்கும். தப்பி ஓடப் பார்க்கும் வாயுவையே காவலுக்கு வைத்த மாதிரி. ஊற்றும்போது கோலி திரும்ப வந்து அடைக்காமலிருக்க, கழுத்தில் இரண்டு நெளிவுகள்.

வெள்ளைக்காரரோடு வந்த பாட்டிலுக்கு நம்மூர்ப் பையன்களின் விளையாட்டுப் பெயர் ஒட்டிக்கொண்டது. மேடையில் தொண்டை கட்டிய பேச்சாளருக்குச் சோடா. மயங்கி விழுந்தவர் முகத்திலும் சோடா. கனத்த மூக்குக்கண்ணாடிக்குச் சோடாபுட்டி என்று பட்டம். தெருச்சண்டையில் குலுக்கி வீசினால் அதுவே குண்டு. வடசென்னைக் கதை என்றாலே சினிமாக்காரர்கள் இந்தக் கடைசிப் பயனை மட்டும் பிடித்துக்கொள்வது எனக்கு எரிச்சல்.

பிரீஸ்ட்லியின் நம்பிக்கை பலிக்கவில்லை. வாயுவுக்கு ஸ்கர்வி அடங்காது. ஆரஞ்சும் எலுமிச்சையும் அடக்கும் என்பதை 1747இலேயே ஜேம்ஸ் லிண்ட் என்பவர் ஒரு கப்பலில் சோதித்துக் காட்டியிருந்தார்.

காசிமேட்டுக் கடைக்காரர் கோலியை அமுக்குகிறார். டொப். கண்ணாடி டம்ளரில் ஏற்கெனவே அரைமூடி எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பும் போட்டு வைத்திருக்கிறார்.