தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளர் பாதுகாப்புப் பண்பாடு: நோயாளரும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் நெருங்கி வாழ்கின்றனர். கனரக வாகன விபத்து, தீக்காயம், வேதிப்பொருள் நெடி, மாரடைப்பு என எதனால் உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலும், இப்பகுதி மக்களில் பலர் நாடிச் செல்வது அரசு ஸ்டான்லி மருத்துவமனையையே. தீவிர சிகிச்சைப் பிரிவின் மூடிய கதவுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தினர், உள்ளே நோயாளரின் பாதுகாப்பு எவ்வாறு உறுதி செய்யப்படுகிறது என்பதையும் அதில் தங்களுக்குள்ள பங்கையும் அறிந்துகொள்ள இக்கட்டுரை உதவும்.

பாதுகாப்புப் பண்பாடு என்பது யாது?

உலக அளவில் சிகிச்சை பெறுவோரில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்குச் சிகிச்சையின்போது ஏதேனும் ஒரு தீங்கு நேர்கிறது என்றும், அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை தவிர்க்கக்கூடியவை என்றும் உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்த ஆபத்து கூடுதலாகும். அங்குள்ள நோயாளர் பெரும்பாலும் பேச இயலாத நிலையில் இருப்பார். ஒரே நாளில் பல மருந்துகளைப் பெறுவார். அவர் உடலில் பல குழாய்கள் பொருத்தப்பட்டிருக்கும். தமக்கு நேரும் தவற்றைத் தாமே சுட்டிக்காட்ட அவரால் இயலாது.

எனவே, தவறு நேரக்கூடும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அது நோயாளரைச் சென்றடையும் முன் தடுப்பதற்கான பழக்கங்களை மருத்துவர், செவிலியர், தொழில்நுட்பர், தூய்மைப் பணியாளர் என அனைவரும் ஒன்றாகக் கடைப்பிடிப்பதே பாதுகாப்புப் பண்பாடு. இதன் உயிர்நாடி, அச்சமின்றிப் பேசும் உரிமை. தவற்றைச் சொன்னவரைத் தண்டித்தால் அடுத்த தவறு மறைக்கப்படும். மறைக்கப்பட்ட தவறு மற்றொரு நோயாளருக்கு மீண்டும் நேரும். வேண்டுமென்றே செய்யப்படும் அலட்சியத்திற்கு இது பொருந்தாது. அதற்கு உரியவர் பொறுப்பேற்றே ஆக வேண்டும்.

இது பயன் தரும் என்பதற்குச் சான்று உண்டா?

உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மேற்கொள்ளப்பட்ட பணியின் முடிவுகள் 2006ஆம் ஆண்டு வெளியாயின. கழுத்து அல்லது மார்புப் பகுதியின் பெரிய சிரையில் குழாய் செலுத்தும்போது ஐந்து செயல்கள் கட்டாயமாக்கப்பட்டன: கைகளைத் தூய்மை செய்தல், நோயாளரை முழுமையாகத் துணியால் மூடித் தொற்றுத் தடுப்பு உடை அணிதல், குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடைப் பகுதியைத் தவிர்த்தல், தேவை முடிந்த குழாயை உடனே அகற்றுதல். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் மருத்துவரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் செவிலியருக்கு வழங்கப்பட்டது. 1000 குழாய் நாட்களுக்குச் சராசரியாக 7.7 ஆக இருந்த இரத்தத் தொற்று, ஒன்றரை ஆண்டிற்குள் 1.4 ஆகக் குறைந்தது. புதிய கருவியோ விலை உயர்ந்த மருந்தோ இதற்குத் தேவைப்படவில்லை.

உள்ளே கடைப்பிடிக்கப்பட வேண்டிய நடைமுறைகள்

• அடையாளம்: ஒவ்வொரு மருந்துக்கும், இரத்தம் ஏற்றுவதற்கும் முன் நோயாளரின் பெயரும் உள்நோயாளர் எண்ணும் சரிபார்க்கப்பட வேண்டும். படுக்கை எண் அடையாளமாகாது.

• ஆபத்து மிகுந்த மருந்துகள்: பொட்டாசியம் குளோரைடு ஊசி மருந்தைக் கரைசலில் கலக்காமல் நேரடியாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடக்கூடும். ஆகவே அது தனியே வைக்கப்பட்டு, இருவர் சரிபார்த்த பின்னரே பயன்படுத்தப்படுகிறது. இன்சுலின், ஹெப்பாரின் ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை.

• பணிமாற்றம்: ஒரு பணிக்குழு செல்லும்போது நோயாளரின் நிலை, மருந்துகள், வரவேண்டிய பரிசோதனை முடிவுகள் ஆகியவை அடுத்த குழுவிடம் படுக்கையருகே ஒப்படைக்கப்பட வேண்டும். தகவல் தவறிப்போவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

• அன்றாடப் பராமரிப்பு: செயற்கைச் சுவாசத்தில் உள்ளவரின் தலைப்பகுதியை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைத்தல், வாய்த் தூய்மை, படுக்கைப் புண் வராமல் அவ்வப்போது புரட்டிப் படுக்க வைத்தல், குழாய்கள் இன்னும் தேவையா எனத் தினமும் ஆராய்தல்.

பலர் ஒரே நேரத்தில் வரும்போது

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத்திணறலால் பாதிக்கப்பட்ட பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய இரவுகளில் ஒரே ஊரைச் சேர்ந்த, ஒத்த பெயர் கொண்ட பலர் அடுத்தடுத்து வரக்கூடும். அவசரத்தில் சரிபார்ப்பு வீண் தாமதமாகத் தோன்றலாம். ஆனால் அது மிகவும் தேவைப்படுவது அப்போதுதான்.

அம்மோனியா, தொண்டையின் ஈரத்தில் கரைந்து அதனைப் புண்ணாக்கும். மூச்சுக்குழாய் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் தீவிரமடையலாம். ஆகவே, எந்த வேதிப்பொருள், எவ்வளவு நேரம் சுவாசிக்கப்பட்டது, நோயாளர் எங்கு, என்ன வேலை செய்பவர் என்பவற்றை முதலிலேயே மருத்துவரிடம் தெரிவியுங்கள். தொழிற்சாலையில் நிகழ்ந்ததை மறைப்பது சிகிச்சையைத் திசைதிருப்பிவிடும்.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை

• நோயாளர் உட்கொண்டுவந்த மருந்துகளை அட்டையுடன் கொண்டுவந்து காட்டுங்கள். நாட்டு மருந்து, மதுப்பழக்கம், மருந்து ஒவ்வாமை ஆகியவற்றையும் மறைக்காமல் கூறுங்கள்.

• உள்ளே செல்லும் முன்பும் வெளியே வந்த பின்பும் கைகளைக் கழுவுங்கள். காய்ச்சல், இருமல் உள்ளவர் செல்ல வேண்டாம்.

• செவிலியரைக் கேட்காமல் நோயாளருக்குத் தண்ணீரோ உணவோ கொடுக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் செல்லக்கூடும். குளுக்கோஸ் வேகத்தையும் ஆக்சிஜன் அளவையும் நீங்களே மாற்றாதீர்கள். எச்சரிக்கை ஒலியை நிறுத்தாமல் பணியாளரை அழையுங்கள்.

• குடும்பத்தில் ஒருவரைப் பொறுப்பாளராக வைத்து, அவர் வழியாகவே நாள்தோறும் மருத்துவரிடம் விவரம் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வார்களா?

பலர் மனத்தில் உள்ள தயக்கம் இது. "கேட்டால் நம் ஆளைச் சரியாகக் கவனிக்க மாட்டார்கள்" என்று எண்ணி மௌனமாக இருந்துவிடுகின்றனர். ஆனால், "இது இவருக்கான மருந்துதானா?", "இந்தக் குழாய் இன்னும் தேவையா?", "கைகளைத் தூய்மை செய்துகொண்டீர்களா?" என்று பணிவுடன் கேட்பது குற்றம் கூறுவதாகாது. நோயாளர் பேச முடியாதபோது அவருடைய குரல் நீங்களே. "நேற்று இருந்ததைப் போல் இவர் இன்று இல்லை" என்ற உங்கள் கூற்றும் மதிப்புமிக்க தகவலாகும். அவரைப் பல ஆண்டுகளாக அறிந்தவர் நீங்கள்தான். உயிர்காக்கும் செயல் நடைபெற்றுக்கொண்டிருந்தால் மட்டும் சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

ஐயம் தீரவில்லையெனில் பணி மருத்துவர், பிரிவின் தலைமை மருத்துவர், நிலைய மருத்துவ அலுவலர் என்ற வரிசையில் அணுகலாம். தவறு நேர்ந்திருந்தால், என்ன நடந்தது, இப்போது என்ன செய்யப்படுகிறது என்பதை விளக்கமாகக் கேட்டறிய உங்களுக்கு உரிமை உண்டு. பணியாளரைத் தாக்குவது சட்டப்படி குற்றம். அந்த நேரத்தில் அங்குள்ள மற்ற நோயாளர்களின் உயிருக்கும் அது ஆபத்தை விளைவிக்கும்.

உதவிக்கு

அவசர ஊர்தி: 108
மருத்துவ ஆலோசனை மற்றும் புகார்: 104
மருந்துகளின் பக்கவிளைவுகளைத் தெரிவிக்க: 1800 180 3024 (கட்டணமில்லா எண், நோயாளரும் உடனிருப்போரும் நேரடியாகத் தெரிவிக்கலாம்)