பண்டை எகிப்தியர் வழிபாடும் இன்றைய கெமெற் நெறியும்

ஒரு சமயம் எப்பொழுது இறக்கின்றது? அதன் கோயில் இடியும்போதா, அன்றி அதன் மந்திரத்தைப் பொருளறிந்து ஓதவல்ல கடைசி நா அடங்கும்போதா? எகிப்து நாட்டு வரலாறு இதற்குத் தரும் விடை சிந்திக்கற்பாலது.

நைல் நதி கொணர்ந்த கரிய வண்டல் நிலத்தை எகிப்தியர் 'கெமெற்', அஃதாவது கருநிலம், என்றனர். அங்கே நாடோறும் வைகறையில் அர்ச்சகர் தூய்மையுற்று, கருவறைக் கதவின் களிமண் முத்திரையை உடைத்துத் திறப்பார், வீழ்ந்து வணங்குவார், தூபமிடுவார், திருவுருவிற்கு ஆடை சாத்தி நறுநெய் பூசுவார், உணவு படைப்பார். ஈற்றில் தம் அடிச்சுவட்டைத் துடைத்தழித்து வெளியேறுவார். படைத்த உணவு பின்னர் அர்ச்சகருக்குப் பங்கிடப்படும். முதலாம் சேத்தி மன்னன் கி. மு. 13ஆம் நூற்றாண்டில் அபிடோசில் எடுப்பித்த கோயிற் சுவர்களில் இச்சடங்குகள் செதுக்கப்பட்டுள. கர்னாக் கோயிலில் ஆமுன் தெய்வத்திற்கு ஓதப்பெற்ற 66 மந்திரங்கள் பெர்லின் நகரிலுள்ள பப்பைரஸ் சுருளொன்றிற் காணப்படுகின்றன.

உரோமப் பேரரசு கிறித்தவத்தைத் தழுவியபின் பழைய கோயில்கள் மூடப்பட்டன. பிலேத் தீவில் கி. பி. 394 இல் பொறிக்கப்பெற்றதே ஆண்டு குறித்த கடைசிச் சித்திர எழுத்துச் சாசனம். 6ஆம் நூற்றாண்டில் யஸ்தீனியன் அக்கோயிலையும் மூடுவித்தான். 1822 இல் சம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் றொசெற்றாக் கல்லின் துணையுடன் அவ்வெழுத்தின் மருமத்தை அவிழ்க்கும்வரை, சுவர்கள் பேசின, கேட்பார் இலர்.

இன்று அம்மந்திரங்களை மீண்டும் ஓதுவோர் உளர். அமெரிக்காவில் 1988 இல் தமரா சியுடா தோற்றுவித்த அமைப்பினர், 'செனுத்' என்னும் நித்திய வழிபாட்டை வீட்டில் இயற்றுகின்றனர். நீராலும் நேற்றன் என்னும் உப்பாலும் தூய்மை செய்து, வெள்ளாடை உடுத்து, விளக்கும் தூபமும் ஏற்றி வணங்குவர். றிச்சட் றெய்டி என்பவர் பண்டைச் சடங்குகளை இன்றையோர்க்கேற்பத் தொகுத்த நூல் 2010 இல் வெளிவந்தது.

இம்முயற்சியின் இடர்கள் சிறியன அல்ல. எகிப்திய எழுத்தில் உயிரொலிகள் குறிக்கப்படவில்லை. ஆதலின் பண்டை அர்ச்சகர் ஓதிய ஓசையை எவரும் முழுமையாக அறியார். மேலும், கோயிற் சடங்கு அரசன் பெயரால் அர்ச்சகர் இயற்றியது. அரசனும் கோயிலும் இல்லாதவிடத்து அதனைத் தனியொருவர் இயற்றுதல் பொருந்துமா எனச் சிலர் வினவுவர். ஆயின், எளியோர் வழிபாடும் அக்காலத்தில் இருந்தது. தெயிர் எல் மெதினா என்னும் தொழிலாளர் ஊரில் வீட்டுப் பலிபீடங்களும், தெய்வம் தம் குறை கேட்குமாறு செவியுருப் பொறித்த கற்பலகைகளும் கிடைத்துள்ளன. ஆதலின் வீட்டு வழிபாடு முற்றும் புதுமையன்று.

இவற்றைப் படிக்கையில் நம் ஆலயப் பூசையும் நைவேத்தியமும் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயினும் ஒப்புமை கண்டவுடன் உறவு கற்பித்தல் வரலாறாகாது. நாம் பெறத்தக்க பாடம் வேறு. கல்லிற் பொறித்தது மீண்டது. நாவில் வாழ்ந்த ஓசை மீளவில்லை. பெரியோரே, நீவிர் கேட்டறிந்த பண்முறையையும் பொருளையும் எமக்கு ஓதித் தாரீர். வாலிபராகிய நாமோ, ஓதுவதன் பொருளை இன்றே கேட்டறிவோமாக. நாளை கேட்பதற்கு நூல்கள் மட்டுமே எஞ்சலாம்.