வாய்க்கால் கரையில் ஒரு பேரேடு

தீபாவளி லீவுக்குக் கடலூர் போயிருந்தேன். எங்க வீடு ஓ.டி.யில் இருக்கிறது. வெளியூர் நண்பர்களுக்காக: ஓ.டி. என்றால் ஓல்ட் டவுன், அதாவது கடலூர் முதுநகர். திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா திடீரென்று ஆரம்பித்தார்.

"அப்பல்லாம் இந்தத் தெருவுல எவ்ளோ சிட்டுக்குருவி தெரியுமாடா? எல்லாம் போச்சு. செல்போன் டவர் வந்துச்சு, குருவி போச்சு."

"எவ்ளோ தாத்தா இருந்துச்சு? ஒரு நூறு இருக்குமா?"

"அதையெல்லாம் எவன்டா எண்ணிக்கிட்டு இருந்தான்!"

சிரித்துவிட்டு காபி குடிக்கப் போய்விட்டோம். ஆனால் சிதம்பரம் திரும்பும்போது பஸ்ஸில் அந்த பதில் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. நான் படிப்பது பி.காம். முதல் வருஷம் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது, தொடக்க இருப்பு தெரியாமல் லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியாது என்பதுதான். தாத்தா நஷ்டம் என்கிறார். ஆனால் அவரிடம் தொடக்க இருப்பு இல்லை. சரி, பறவைகளுக்கு நம்ம பக்கத்தில் யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா? தேடியதில் கிடைத்த கதைதான் இது.

முதலில் நான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் கான்சாகிப் வாய்க்கால் என்று ஒன்று உண்டு. ஊரைத் தொட்டுக்கொண்டு போய், பிச்சாவரம் சதுப்புக் காட்டுக்கு நன்னீர் கொண்டு சேர்க்கும் வாய்க்கால்களில் அதுவும் ஒன்று. ஊருக்குள் அதன் அழகைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் பை, சாக்கடைத் தண்ணீர் எல்லாம் உண்டு. இருந்தாலும் காலை ஆறரை மணிக்கு ஒரு பாலத்தின் மேல் கால் மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். கரையில் மடையான் மண் நிறத்தில் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருக்கும். பறக்கும்போதுதான் வெள்ளை இறக்கை தெரிந்து நமக்குத் தூக்கிவாரிப் போடும். கரண்ட் கம்பியில் வெண்மார்பு மீன்கொத்தி. ஆகாயத்தாமரை மேல் நாமக்கோழி. தெருப்பக்கம் திரும்பினால் மைனா, காகம், இரட்டைவால் குருவி. மேலே செம்பருந்து. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் தகைவிலான்கள் கம்பி முழுக்க வரிசையாக.

இந்த வட்டாரத்தில் தண்ணீருக்குக் கணக்கு எப்போதும் உண்டு. வீராணம் ஏரி முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், வெட்டப்பட்டது. வீரநாராயணன் என்ற அவனுடைய பட்டப்பெயர்தான் தேய்ந்து வீராணம் ஆனது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். அங்கிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு, ஏரியிலிருந்து வாய்க்கால்களில் வயலுக்கு. எந்த மதகில் எவ்வளவு தண்ணீர், எத்தனை ஏக்கர், எவ்வளவு தீர்வை என்று எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்கும். சென்னை பக்கம் போனால் வாய்க்கால் இன்னும் நேரடியான வியாபாரம். பேசில் காக்ரேன் என்ற வணிகர் 1800-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டி, போகிற படகுகளிடம் சுங்கம் வசூலித்தார். 1876-78 பஞ்சத்தின்போது பட்டினியில் கிடந்த மக்களைக் கூலிக்கு வைத்து அதே கால்வாயை நீட்டினார்கள். அப்போதைய கவர்னர் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆனது. தெற்கே அது மரக்காணம் வரை வருகிறது. விறகும் உப்பும் அதில் போனதற்குக் கணக்கு உண்டு. கரையில் நின்ற கொக்குக்கு யார் கணக்கு எழுதுவார்கள்?

எழுதிய ஆள் ஒருவர் இருந்தார் என்பதுதான் ஆச்சரியம். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக இருந்த எட்வர்ட் பல்க்லி. இவர் சென்னைப் பறவைகளின் படங்களை லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவர் என்ற நண்பருக்குக் கப்பலில் அனுப்பி வைத்தார். ஜான் ரே என்ற இங்கிலாந்து இயற்கை அறிஞர் எழுதிய பறவைகள் நூல், அவர் இறந்த பிறகு 1713-ல் வெளிவந்தது. அதன் பின்னிணைப்பாக நம்ம சென்னைப் பறவைகளும் அச்சேறின. 1713! நம்ம கடலூரில் அப்போது கம்பெனிக்காரர்கள் செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கி இருபது வருஷம் கொஞ்சம் அதிகம் ஆகியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அது பெயர்ப் பட்டியல் மட்டுமே. 'இன்ன பறவை இங்கே உண்டு' என்று சொல்லும், எத்தனை என்று சொல்லாது. சரக்குப் பட்டியல் இருக்கிறது, அளவு இல்லை.

அடுத்து வந்தவரும் டாக்டர்தான். தாமஸ் ஜெர்டன். 1836-ல் சென்னைக்கு வந்தவர், தென்னிந்தியா முழுக்க ராணுவத்தோடு சுற்றினார். 1839-லிருந்து தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலைச் சென்னையிலிருந்து வந்த ஒரு இதழில் தொடராக எழுதினார். பிறகு 1862-64-ல் இந்தியப் பறவைகள் பற்றிப் பெரிய நூலே கொண்டுவந்தார். அந்தக் காலத்துப் பறவை ஆய்வில் பைனாகுலருக்குப் பதில் துப்பாக்கிதான். சுட்டு, தோலை உரித்து, பஞ்சு அடைத்து வைத்தால்தான் ஆதாரம். இப்போது நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் அந்த மாதிரி ஆட்கள் எழுதி வைத்ததால்தான் அன்றைக்கு என்னென்ன இருந்தது என்று இன்றைக்குத் தெரிகிறது.

வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் பறவையைக் கவனித்தார்களா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நம்ம ஆட்கள் வேறு மாதிரி கணக்குப் போட்டார்கள். செங்கல்பட்டு பக்கம் வேடந்தாங்கல் கிராமத்து விவசாயிகளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. ஏரியில் பறவை கூடு கட்டினால் எச்சம் தண்ணீரில் விழும், அந்தத் தண்ணீர் வயலுக்குப் போனால் உரம் தனியாகப் போட வேண்டியதில்லை. சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட ஆரம்பித்ததும் ஊர்க்காரர்கள் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798-ல், இங்கே யாரும் சுடக்கூடாது என்று ஆணை வாங்கிவிட்டார்கள். லாப நஷ்டம் பார்த்துத்தான் காப்பாற்றினார்கள். ஒரு காமர்ஸ் மாணவனாக இதில் எனக்கு ரொம்பப் பெருமை :)

சரி, ஏரியில் கூட்டமாகக் கூடு கட்டும் நாரைக்கு மதிப்பு உண்டு. தெருவோரத்துக் காக்காவுக்கு? அதற்கும் ஒருவர் இருந்தார். மா. கிருஷ்ணன், அ. மாதவையாவின் மகன். சென்னையில் இருந்துகொண்டு கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-லிருந்து 1996-ல் இறக்கும் வரை இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். 46 வருஷம்! யானையும் புலியும் பற்றி எழுதிய அதே கையால் வீட்டு வாசலில் திரிகிற சாதாரணப் பறவைகளையும் மரியாதையோடு எழுதினார். காட்டுக்குப் போனால்தான் இயற்கை என்ற எண்ணம் எனக்குப் போனது அவரால்தான்.

இதெல்லாம் சுவாரசியம்தான், ஆனால் எண்ணி எழுதி வைப்பதால் என்ன ஆகப்போகிறது? இதற்கு பதில் தமிழ்நாட்டில் இல்லை, ராஜஸ்தானில் இருக்கிறது. பரத்பூரில் உள்ள கேவலாதேவ் சதுப்பு நிலமும் இயற்கையாக வந்ததல்ல. வாத்து வேட்டைக்காக மகாராஜாக்கள் கரை கட்டி, கால்வாயில் தண்ணீர் விட்டு உண்டாக்கியது. அங்கே 1980-களில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் பாறு கழுகுகளை எண்ணினார். நம்ம ஊரில் பிணந்தின்னிக் கழுகு என்போமே, அதுதான். ஊரெங்கும் இருந்த பறவை, எண்ணுவானேன் என்று அன்றைக்குப் பலரும் நினைத்திருப்பார்கள். 1990-களின் பிற்பாதியில் அவர் மறுபடி எண்ணியபோது பெரும்பகுதி காணவில்லை. பழைய எண்ணிக்கை கையில் இருந்ததால் அது வெறும் புலம்பலாகப் போகாமல் செய்தி ஆனது. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் காரணத்தைத் தேடினார்கள். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான் எமன் என்று 2004-ல் ஆய்வு வெளியானது. மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் பழுதாகிச் செத்தது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது. ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாமல் இருந்திருந்தால்? நாமும் 'செல்போன் டவர்' என்று சொல்லிவிட்டுக் காபி குடித்திருப்போம்.

இப்போது தாத்தாவின் குருவிக்கு வருகிறேன். இன்றைக்கு எண்ணுவதற்கு டாக்டராகவோ விஞ்ஞானியாகவோ இருக்க வேண்டியதில்லை. 15 நிமிஷம் ஒரு இடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இபேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். தமிழ்நாட்டில் 2015-லிருந்து பொங்கல் நாட்களில் இதற்கென்றே ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. இப்படிச் சேர்ந்த பட்டியல்களை வைத்து 2020-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஒரு அறிக்கை வந்தது. அதன்படி நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை கடந்த 25 வருஷத்தில் பெரிதாக மாறவில்லை. ஆனால் பெருநகரங்களில் குறைந்து வருகிறது. டவர்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2023-ல் வந்த அடுத்த அறிக்கைக்கு சுமார் 30,000 பேரின் 3 கோடிப் பதிவுகள் அடிப்படை. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் 204 குறைந்திருக்கின்றன, 98 நிலையாக இருக்கின்றன, 36 கூடியிருக்கின்றன. குயிலும் மயிலும் கூடிய பட்டியலில். நஷ்டம் பெரிது, ஆனால் எல்லாமே நஷ்டம் இல்லை. கணக்கு இருப்பதால் தெரிகிறது.

தாத்தா சொன்னது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அவர் தெருவில் குருவி குறைந்திருக்கலாம், அவர் கண்ணால் பார்த்தவர். ஆனால் அகில இந்தியக் கணக்கை வைத்து ஓ.டி.யின் ஒரு தெருவுக்கு பதில் சொல்ல முடியாது. கம்பெனியின் மொத்த லாபத்தை வைத்து ஒரு கிளையின் நிலைமையைச் சொல்ல முடியாதே, அதே மாதிரி. அந்தக் கிளையின் பேரேடு வேண்டும். அதைத் திறக்க வேண்டியது அங்கே இருப்பவர்கள்தான்.

பிச்சாவரத்துக்கு வருகிறவர்கள் படகில் ஏறிய பிறகுதான் பைனாகுலரை எடுக்கிறார்கள். 2022-ல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, உலகம் கவனிக்கிறது. சந்தோஷம். ஆனால் அந்தக் காட்டுக்குப் போகும் தண்ணீர் எங்க ஊர் பாலத்துக்குக் கீழேதான் போகிறது. இங்கே தண்ணீர் கெட்டால் இங்குள்ள மீன்கொத்தி முதலில் சொல்லும். கேட்பதற்கு ஆள் வேண்டும்.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். வாரத்தில் இரண்டு காலை, அதே பாலம், அதே கால் மணி நேரம். முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: மடையான் 6, வெண்மார்பு மீன்கொத்தி 2, நாமக்கோழி 1, மைனா 14, காகம் எண்ண முடியவில்லை. டீக்கடை அண்ணன், "என்ன தம்பி, முனிசிபாலிட்டியா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், "அப்போ அந்தக் கரன்ட் பாக்ஸ்ல ஒரு ஜோடிக் குருவி இருக்கு, அதையும் எழுதிக்க" என்றார்.

எழுதிக்கொண்டேன். சிட்டுக்குருவி 2. அன்றைக்குச் சாயங்காலம் தாத்தாவுக்குப் போன் செய்தேன். "ரெண்டுதானா?" என்றார். ஆமாம் தாத்தா, ரெண்டு. ஆனால் இனிமேல் யாராவது கேட்டால் சொல்ல ஒரு எண் இருக்கிறது.